சிசேரியன் வலிக்குக் கூடுதல் மருந்து: எதை எதோடு ஒப்பிடுவது?

சிசேரியனுக்குப் பிறகு "வலிக்கு எந்த மருந்து நல்லது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். கேள்வியில் தப்பில்லை, ஆனால் அப்படிக் கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. இந்த வலிக்கு எந்த மருந்தும் தனியாக வருவதில்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று மருந்துகள் உடம்புக்குள் போயிருக்கும், அவற்றின் மேல் இன்னொன்றைச் சேர்த்தால் அது புதிதாக என்ன செய்யும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வயிற்றுச் சுவரில் போடும் மரப்பு ஊசி பிரமாதம் என்று ஒருவர் சொல்வார், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று இன்னொருவர் சொல்வார், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அடியில் என்ன மருந்து ஓடிக்கொண்டிருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

பிரசவத்துக்குத் தயாராகிறவர்கள், கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்கள், நர்சிங்கோ மருத்துவமோ படிக்கிறவர்கள், எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் அளவுகள் டாக்டரிடம் விவரமாகப் பேசுவதற்கு. கடையில் வாங்கித் தானே போட்டுக்கொள்வதற்கு அல்ல.

முதலில் அடிப்படை மருந்துகள் என்னென்ன என்று பாருங்கள்

சிசேரியன் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் நடக்கிறது. அந்த ஊசியில் மரக்கச் செய்யும் பியூபிவகெய்ன் மட்டும்தானா, கூடவே மார்ஃபின் வகை வலி மருந்தான ஃபென்டனிலா, இல்லை மார்ஃபினும் உண்டா? மற்ற எல்லாக் கணக்கும் இந்த ஒரு விவரத்தில்தான் தொடங்குகிறது. ஃபென்டனில் கொழுப்பில் எளிதாகக் கரையும், சீக்கிரம் வேலை செய்து சில மணி நேரத்தில் போய்விடும், அதனால் ஆபரேஷன் நடக்கும்போதுதான் அதன் உதவி. மார்ஃபின் அப்படி இல்லை. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரிலேயே தங்கி மெதுவாக வேலை செய்வதால் 50 முதல் 150 மைக்ரோகிராம் என்கிற மிகச் சின்ன அளவே 12 முதல் 24 மணி நேரம் வரை வலியைத் தாங்கிப் பிடிக்கும். சும்மா கிடைப்பதில்லை: அரிப்பு வரும், குமட்டல் வரும், சிலருக்குச் சிறுநீர் பிரிவது தடைப்படும், அபூர்வமாகச் சில மணி நேரம் கழித்து மூச்சு மந்தப்படலாம். முதல் நாள் முழுக்க நர்ஸ் அடிக்கடி வந்து மூச்சையும் விழிப்பையும் பார்த்துவிட்டுப் போவது இதற்காகத்தான்.

அதன் மேல் இரண்டு எளிய மருந்துகள். பாராசிட்டமால், பொதுவாக 1 கிராம் வீதம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, எந்தக் காரணத்துக்கும் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போகாமல். அப்புறம் ஐபுப்ரொஃபேன், டைக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் ஆகிய குடும்பத்திலிருந்து ஏதாவது ஒன்று. ஒன்று என்றால் ஒன்றுதான். இந்தக் குடும்பத்தில் இரண்டைச் சேர்த்தால் வலி கூடுதலாகக் குறையாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடும். இந்த இரண்டையும் வலி வந்தபிறகு கேட்டு வாங்கிப் போடுவதைவிட மணிக்கணக்கு வைத்து, வலி இருக்கிறதோ இல்லையோ, முதல் இரண்டு மூன்று நாட்கள் கொடுப்பது நல்லது. வலி ஏறிவிட்ட பிறகு அதை இறக்குவது ஏறாமல் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

"வெறும் பாராசிட்டமாலா?" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிக்கு ஒற்றை மாத்திரையை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்திருக்கிறது. வெற்று மாத்திரையிலேயே சரியாகிறவர்களைக் கழித்துப் பார்த்தால், 1 கிராம் பாராசிட்டமால் ஏறக்குறைய ஏழு பேரில் இரண்டு பேருக்கு வலியைப் பாதியாவது குறைத்தது, 400 மி.கி. ஐபுப்ரொஃபேன் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது மூன்று பேரில் இரண்டு பேருக்கு. இவை பெரும்பாலும் ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஆய்வுகள், சிசேரியனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் இரண்டு சாதாரண மாத்திரைகள் சேரும்போது எவ்வளவு தூரம் போகிறது என்பது இதில் தெரிகிறது. இந்த இரண்டையும் ஒழுங்காகக் கொடுக்காமல் கூடுதல் மருந்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து. வலி தாங்கவில்லை என்று புது மருந்து தேடுவதற்கு முன் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள், "தேவைப்பட்டால்" என்று எழுதியிருக்கிறதா, நேரம் போட்டு எழுதியிருக்கிறதா, நள்ளிரவு வேளை உண்மையிலேயே கொடுக்கப்பட்டதா என்று. பல இடங்களில் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

எந்த வலி?

தையல் போட்ட வயிற்றுச் சுவரின் வலி ஒன்று; எழும்போதும் இருமும்போதும் சுரீர் என்று இழுக்கும். கர்ப்பப்பை சுருங்கும் வலி வேறு; பால் கொடுக்கும்போது ஆக்சிடோசின் சுரப்பதால் அது கூடும், முதல் குழந்தையைவிட இரண்டாவது மூன்றாவதுக்கு அதிகமாக இருக்கும். வாயு கட்டிக்கொண்டு வயிறு உப்புவதும் தோள்பட்டையில் குத்துவதும் மூன்றாவது வகை. இது எதற்கு முக்கியம் என்றால், வயிற்றுச் சுவரில் போடும் மரப்பு ஊசி முதல் வகையை மட்டும்தான் தொடும், கர்ப்பப்பை வலிக்கு அது ஒன்றும் செய்யாது. ஐபுப்ரொஃபேன் குடும்பமோ கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டினையே குறைப்பதால் அந்த வலிக்குப் பொருத்தமானது. வாயு வலிக்கு மார்ஃபின் வகை மருந்து கொடுத்தால் குடல் இன்னும் மந்தமாகி நிலைமை மோசமாகும். எழுந்து நடப்பதுதான் அதற்கு மருந்து. வலி எங்கே, எப்போது, எதனால் கூடுகிறது என்று சொல்லத் தெரிந்தால் மருந்துத் தேர்வில் பாதி வேலை முடிந்தது.

ஒரு மருந்து "உதவுகிறது" என்றால் எவ்வளவு?

வலியை 0 முதல் 10 வரை மதிப்பெண்ணாகச் சொல்லச் சொல்வார்கள். ஏறக்குறைய ஒரு மதிப்பெண்ணாவது குறைந்தால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும். அரை மதிப்பெண் குறைந்ததைப் புள்ளிவிவரப்படி உறுதியானது என்று ஒரு கட்டுரை அறிவிக்கலாம், படுக்கையில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் முடிவுரையைப் படிக்காமல் எண்ணைப் பாருங்கள்.

அப்புறம், சும்மா படுத்திருக்கும்போது எடுத்த மதிப்பெண்ணா, அசையும்போது எடுத்ததா? பிரசவித்தவர் படுத்தே இருக்கப்போவதில்லை. குழந்தையைத் தூக்க வேண்டும், ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுக்க வேண்டும், கழிப்பறைக்கு நடக்க வேண்டும். அசையும்போது வலி குறையவில்லை என்றால் அந்த மருந்தால் அவருக்குப் பெரிய லாபமில்லை. "மார்ஃபின் தேவை குறைந்தது" என்று எழுதியிருந்தால், அதனால் வாந்தியும் அரிப்பும் மயக்கமும் குறைந்ததா என்று அடுத்த வரியில் தேடுங்கள். அது இல்லையென்றால் ஒரு மருந்தைக் குறைத்து இன்னொன்றை ஏற்றியதுதான் மிச்சம். கடைசியாக, எதோடு ஒப்பிட்டார்கள்? பாராசிட்டமால்கூடக் கொடுக்காத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டால் எந்த மருந்தும் ஜெயிக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் டேப் பிளாக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வயிற்றுச் சுவர் ஊசிதான். தசை அடுக்குகளுக்கு இடையே, இப்போதெல்லாம் ஸ்கேன் பார்த்து, மரப்பு மருந்தைச் செலுத்துவார்கள். 2008-இல் அயர்லாந்திலிருந்து வந்த ஆய்வில் முதுகு ஊசியில் மார்ஃபின் சேர்க்கவில்லை. டேப் பிளாக் போட்டவர்களுக்கு வலியும் மார்ஃபின் தேவையும் நன்றாகவே குறைந்தன. அடுத்த வருடமே, 2009-இல், கனடாவில் முதுகில் மார்ஃபினும் மற்ற மருந்துகளும் கொடுத்துவிட்டு அதே ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். எந்தக் கூடுதல் பயனும் தெரியவில்லை. இரண்டுமே நேர்மையான ஆய்வுகள்தான். ஆக இந்த ஊசி யாருக்கு என்பது தெளிவு: முழு மயக்கத்தில் சிசேரியன் நடந்தவர்களுக்கு, மார்ஃபின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, முதுகு ஊசியில் மார்ஃபின் சேர்க்காதவர்களுக்கு. தையல் இடத்திலேயே மரப்பு மருந்தை ஏற்றுவது, மெல்லிய குழாய் வைத்து அதைச் சொட்டச் சொட்ட விடுவது, இன்னும் பின்பக்கமாகப் போய்ப் போடும் குவாட்ரேட்டஸ் லம்போரம் பிளாக், எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். மருந்து அளவு உடல் எடைக்குத் தகுந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். ஊசி போட்டபின் நாக்கு மரப்பது, காதில் ரீங்காரம், வாயில் உலோகச் சுவை என்று ஏதாவது தோன்றினால் உடனே சொல்லிவிடுங்கள், மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறியதன் முதல் அறிகுறி அது.

டெக்ஸாமெத்தசோன்

கூடுதல் மருந்துகளில் எனக்கு முதலில் ஒப்புக்கொள்ளத் தோன்றுவது இதுதான். இது ஒரு ஸ்டீராய்டு மருந்து. குழந்தை வெளியே வந்தபின் ரத்தக்குழாயில் ஒரே ஒரு ஊசி, பல இடங்களில் 8 மி.கி. வலி கொஞ்சம் குறையும், கூடவே குமட்டலும் வாந்தியும் குறையும், ஒரே ஊசியில் இரண்டு வேலை. "கொஞ்சம்" என்பதைக் கவனியுங்கள், இது அற்புத மருந்து இல்லை. சிசேரியன் வலிக்கென்று 2021-இல் வெளியான புரோஸ்பெக்ட் வழிகாட்டுதல் அடிப்படை மருந்துகளோடு இதையும் சேர்த்துப் பரிந்துரைக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு நாள் ரத்தச் சர்க்கரை ஏறும், அதை அளந்துகொண்டே இருக்க வேண்டும், கட்டுப்பாடே இல்லாதவர்களுக்குத் தவிர்ப்பார்கள். விழித்திருப்பவருக்கு வேகமாக ஏற்றினால் அந்தரங்கப் பகுதியில் திடீரென்று எரிச்சலும் குறுகுறுப்பும் வரும், பயப்பட ஒன்றுமில்லை, சில நிமிடங்களில் போய்விடும். இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கபாபென்டின், கெட்டமின்

கபாபென்டினும் அதன் உறவான ப்ரீகபலினும் நரம்பு வலிக்கான மருந்துகள். ஆபரேஷனுக்கு முன் ஒரு வேளை கொடுத்தால் வலி குறையும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 2011-இல் வந்த ஓர் ஆய்வில் 600 மி.கி. கொடுத்தபோது அசையும்போது வரும் வலி குறைந்தது, ஆனால் கடும் தூக்க மந்தம் சிலருக்கு வந்தது. 2012-இல் 300, 600 என்று இரண்டு அளவுகளையும் வைத்து மறுபடி பார்த்தபோது அந்தப் பயனும் தெரியவில்லை. 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மார்ஃபின் வகையோடு சேரும்போது இந்த மருந்துகள் மூச்சை மந்தப்படுத்தலாம் என்று எச்சரித்தது. முதுகில் மார்ஃபின் இருக்கும் ஒருவருக்கு, அதுவும் கையில் பச்சைக் குழந்தையோடு இருப்பவருக்கு, இதை வழக்கமாகக் கொடுக்க நல்ல காரணம் எதுவும் இல்லை.

மயக்க மருந்தான கெட்டமினின் கதையும் அப்படித்தான். முதுகில் மார்ஃபின் போட்டவர்களுக்கு 10 மி.கி. கெட்டமினைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த 2011 ஆய்வில் முதல் 24 மணி நேரத்தில் வித்தியாசமே இல்லை. குழந்தையை முதன்முதலாகப் பார்க்கும் நேரத்தில் தலை மிதப்பதும் காட்சிகள் குழம்புவதும் யாருக்கு வேண்டும்? ஆனால் ஏற்கெனவே நீண்ட காலமாக மார்ஃபின் வகை மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர், அல்லது முழு மயக்கத்தில் ஆபரேஷன் நடந்து எதற்கும் வலி அடங்காதவர் என்றால் கணக்கு மாறும். அங்கே இது பயனுள்ள ஆயுதம்.

முதுகு ஊசியிலேயே சேர்க்கும் மற்றவை

குளோனிடினும் டெக்ஸ்மெடிடோமிடினும் முதுகு ஊசியில் சேர்த்தால் மரப்பும் வலி நிவாரணமும் சில மணி நேரம் நீளும், நடுக்கமும் குறையும். பதிலுக்கு ரத்த அழுத்தம் இறங்கும், நாடித்துடிப்பு குறையும், தூக்கம் வரும். எபிடூரலாக, அதாவது தண்டுவட உறைக்கு வெளியே, செலுத்தும் குளோனிடினைப் பிரசவ வலிக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய வலிக்கும் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்காவில் மருந்தின் தகவல் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். நியோஸ்டிக்மினையும் முயன்று பார்த்தார்கள், வாந்தி தாங்க முடியாமல் அது அத்தோடு நின்றது. மெக்னீசியம் சின்ன உதவி. ரத்த அழுத்தக் கோளாறுக்காக ஏற்கெனவே மெக்னீசியம் ஏறிக்கொண்டிருப்பவருக்கு வலிக்காக இன்னும் சேர்க்கக் கூடாது.

"சரி, மார்ஃபினையே கொஞ்சம் கூட்டிப் போட்டால்?" அதையும் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். முதுகு ஊசியில் 50–100 மைக்ரோகிராம் போட்டவர்களைவிட அதற்கு மேல் போட்டவர்களுக்கு அடுத்த வலி மருந்து கேட்கும் நேரம் சுமார் நாலரை மணி நேரம் தள்ளிப்போனது, அரிப்பும் வாந்தியும் கூடின. வாந்திக்கு மிகவும் பயப்படுகிறவர் குறைந்த அளவையும், போன தடவை வலியில் துடித்தவர் சற்றே கூடுதலான அளவையும் விரும்பலாம். இதை மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே சொல்லலாம், கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

மாத்திரையாக மார்ஃபின் வகை, தாய்ப்பால்

எல்லாம் கொடுத்தும் வலி மீறினால்தான் இது. ஆக்சிகோடோன் போன்றதைக் குறைந்த அளவில், சில வேளைகள் மட்டும். கோடீனும் டிராமடாலும் பால் கொடுப்பவர்களுக்கு வேண்டாம் என்று 2017-இல் எஃப்டிஏ எச்சரித்தது. இந்த இரண்டும் உடம்பில் ஒரு நொதியால் மாறிய பிறகுதான் முழு வீரியம் பெறுகின்றன, சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி அதிவேகமாக வேலை செய்யும், அப்போது பாலில் எதிர்பாராத அளவு போய்ச் சேரும். யாருக்கு அப்படி என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இதே வகையைச் சேர்ந்த பெதிடினைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதும் நல்லதல்ல, அதன் எச்சம் குழந்தையின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும்.

இதில் பலர் தலைகீழாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. முதல் இரண்டு நாளில் சுரப்பது சீம்பால், அளவு மிகக் குறைவு, அதோடு போகும் மருந்தும் மிகக் குறைவு. மூன்றாவது நான்காவது நாளில் பால் கட்டத் தொடங்கிய பிறகுதான் குழந்தைக்குப் போகும் அளவு கூடுகிறது. அதனால் ஆஸ்பத்திரியில் முதல் நாள் வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் மாத்திரையைத் தொடர்ந்து போடுவது சரியான வரிசைக்கு நேர் எதிர். குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், மூச்சு விட்டுவிட்டு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அப்போதே டாக்டரிடம் கொண்டுபோங்கள். பாராசிட்டமாலும் ஐபுப்ரொஃபேனும் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும், அவற்றுக்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை.

கணக்கு மாறுகிற ஆட்கள்

சிறுநீரகப் பாதிப்பு, வயிற்றுப் புண், ஆபரேஷனில் அதிக ரத்தப்போக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைவு, ஆஸ்பிரின் போட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமா, இவற்றில் ஒன்று இருந்தால் ஐபுப்ரொஃபேன் குடும்பம் கைவிட்டுப் போகும். அப்படி அடிப்படையில் ஒரு கால் இல்லாமல் போகும்போதுதான் கூடுதல் மருந்துக்கு உண்மையான இடம் உருவாகிறது, மற்றவர்களுக்கு வீண் என்று நான் சொன்ன மரப்பு ஊசிகூட இவர்களுக்குத் தகுந்ததாகலாம். வெறும் ரத்த அழுத்தம் மட்டும் இருந்தால் இந்தக் குடும்பத்தைத் தவிர்த்தே தீர வேண்டும் என்பதில்லை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து டாக்டர் முடிவு செய்வார். கல்லீரல் கோளாறு இருந்தால் பாராசிட்டமால் அளவு மாறும்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வருவார், அந்தச் சில நிமிடங்களை வீணாக்காதீர்கள். முதுகு ஊசியில் மார்ஃபின் உண்டா, எவ்வளவு? பாராசிட்டமாலும் இன்னொன்றும் நேரம் போட்டுக் கொடுப்பீர்களா? அதையும் மீறி வலித்தால் அடுத்தது என்ன, யாரிடம் கேட்க வேண்டும்? ஏதாவது கூடுதலாகச் சேர்க்கிறீர்கள் என்றால் எனக்கு அது எதற்காக, என்ன பக்கவிளைவு எதிர்பார்க்கலாம்? மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், டிராமடாலோடு அது மோதும்.

வீட்டுக்கு வந்தபின் குறைக்கும் வரிசை எளிது: மார்ஃபின் வகை இருந்தால் முதலில் அது, அப்புறம் ஐபுப்ரொஃபேன், கடைசியாகப் பாராசிட்டமால். சளி மாத்திரையிலும் கலவை வலி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட் சிலருக்கு நடக்கும்போது நல்ல ஆறுதல் தரும், முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. ஒவ்வொரு நாளும் குறைந்துவந்த வலி திடீரென்று ஏறினால், காய்ச்சல் வந்தால், தையலில் சீழோ சிவப்போ தெரிந்தால், ரத்தப்போக்கு கூடினால், ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தால், உட்கார்ந்தால் பிளந்து படுத்தால் விடும் தலைவலி வந்தால், இன்னொரு மாத்திரையைத் தேடாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.